வைர மலைக் குகையும் பெய்ஜிங் விருந்தும்

ஒன்றைத் தேடப் போய் இன்னொன்றில் மாட்டிக்கொள்வது எனக்கு வாடிக்கையாகிவிட்டது. அமெரிக்க அதிபர் நிக்சன் 1972 பிப்ரவரியில் சீனா போன கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். தைவான் பற்றி இரு தரப்பும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் கண் போய் நின்றதோ ஒரு பாட்டிலின்மேல். பிப்ரவரி 25 இரவு, பெய்ஜிங்கின் மக்கள் மாமண்டபத்தில் நிக்சன் சீனப் பிரதமர் சூ என்லாய்க்குக் கொடுத்த விருந்தில் ஊற்றப்பட்ட ஒயின் அது. பிரான்சிலிருந்து வந்த ஷாம்பெயின் அல்ல. கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில், ஒரு செங்குத்தான மலைச்சரிவில், ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்திய சின்ன ஒயின் ஆலையிலிருந்து போனது. பெயர் ஷ்ராம்ஸ்பெர்க். 1969 அறுவடை.

சரி, அதிபர் தன் சொந்த மாநிலத்துச் சரக்கைக் கொண்டுபோயிருக்கிறார், இதிலென்ன இருக்கிறது என்று கடந்துபோயிருப்பேன். அந்த ஆலையின் வரலாற்றைப் புரட்டியபோது ஒரு வரி பிடித்து இழுத்தது. அந்த பாட்டில்கள் முதிர்ந்த மலைக்குகைகளைக் கையால் குடைந்தவர்கள் சீனக் கூலித் தொழிலாளர்கள்.

முதலில் அந்த மலைக்கு யார் போனார்கள் என்று பார்ப்போம்.

ஜேக்கப் ஷ்ராம் ஜெர்மனியின் ரைன் நதிப் பகுதியில், ஃபெடர்ஸ்ஹைம் என்ற ஊரில் பிறந்தவர். ஒயின் விளையும் ஊர்தான், ஆனால் அவர் கற்றுக்கொண்ட தொழில் முடிதிருத்துவது. பதின்ம வயதிலேயே அமெரிக்காவுக்குக் கப்பலேறி, சுற்றிச் சுற்றிக் கலிஃபோர்னியா வந்து சேர்ந்தார். 1862இல் நாபா பள்ளத்தாக்கின் வடக்கு ஓரத்தில், கலிஸ்டோகா ஊருக்குப் பக்கத்தில் மலையில் நிலம் வாங்கினார். அந்த மலைக்குப் பெயர் டைமண்ட் மவுண்டன், அதாவது வைர மலை. எரிமலைச் சாம்பல் இறுகிக் கல்லான மண்ணில் கண்ணாடி போன்ற துணுக்குகள் மின்னும், அதனால் அந்தப் பெயர் என்கிறார்கள்.

பள்ளத்தாக்கின் தரை தட்டையாக, வண்டல் மண்ணோடு கிடக்கும்போது, இவர் ஏன் காட்டை வெட்டிச் சரிவில் கொடி நட்டார்? மலை நிலம் மலிவு என்பது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் ரைன்காரருக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். அவர் ஊர்ப்பக்கம் நல்ல திராட்சை சரிவில்தான் விளையும். கொழுத்த மண்ணில் கொடி இலையாகத் தள்ளும், காய் நீர்த்துப் போகும். சரிவில் மண் மெல்லிசு, தண்ணீர் நிற்காது, வேர் பாறை இடுக்கில் புகுந்து பாடுபட வேண்டும். பழம் சிறியதாக, சாறு செறிவாக வரும். விலை என்னவென்றால் உழைப்பு. சரிவில் எல்லாமே கையால்தான். நாபாவில் மலைச்சரிவில் எழுந்த முதல் ஒயின் ஆலை இதுதான் என்று சொல்வது வழக்கம். தோட்டம் காலூன்றும்வரை ஷ்ராம் சவரக் கத்தியைக் கைவிடவில்லை. பள்ளத்தாக்கில் ஊர் ஊராக நடந்து சவரம் செய்து, அந்தக் காசைக் கொண்டுவந்து மலையில் போட்டார்.

ஒயினுக்கு நிலம் மட்டும் போதாது. அதை வைக்கக் குளிர்ச்சியான, ஆண்டு முழுக்க வெப்பம் மாறாத இடம் வேண்டும். நாபாவின் கோடை சாதாரணமானதல்ல, மின்சாரக் குளிரூட்டியோ அன்று இல்லை. மலையைக் குடைவது ஒன்றே வழி. எரிமலைச் சாம்பல் கல்லுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கடப்பாரைக்கும் கொத்துக்கும் இடம் கொடுக்கும். குடைந்தபின் இடிந்து விழாமல் நிற்கும். உள்ளே ஆண்டு முழுக்க ஏறக்குறைய 14 டிகிரி செல்சியஸ்.

யார் குடைந்தது? 1869 மே மாதம் அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதை முடிந்தது. மேற்குப் பக்கத்துப் பாதையைப் போட்ட சென்ட்ரல் பசிபிக் நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான சீனர்கள் வேலை செய்திருந்தார்கள். சியரா நெவாடா மலையின் கருங்கல்லைக் குடைந்து சுரங்கப்பாதை போட்டவர்கள். பாதை முடிந்ததும் அவர்களில் பலர் வேலை தேடிப் பண்ணைகளுக்கு வந்தார்கள். பாறை குடையத் தெரிந்த ஆட்கள், குறைந்த கூலி. ஒயின்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? 1870 வாக்கில் ஷ்ராமின் மலையில் குடையும் வேலை தொடங்கியது. நாபாவின் முதல் ஒயின் குகைகள் இவை. சில ஆண்டுகளில் கீழே செயின்ட் ஹெலீனாவில் பெரிஞ்சர் சகோதரர்களின் குகைகளையும் சீனர்களே குடைந்தார்கள். சுவர்களில் இன்றும் கொத்தின் தடம் வரி வரியாகத் தெரிகிறது. படங்களில் பார்த்தாலே அது தெரியும், ஒவ்வொரு கொத்தும் தனியாக.

அவர்கள் பெரும்பாலும் தென்சீனத்தின் குவாங்டோங் மாகாணத்திலிருந்து வந்தவர்கள். கலிஃபோர்னியாவுக்கு அவர்கள் வைத்த பெயர் தங்க மலை. தங்க மலையைத் தேடி வந்து வைர மலையைக் குடைந்தார்கள் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர்கள் வாங்கிய கூலிக்கும் இந்த இரண்டு பெயர்களுக்கும் சம்பந்தமே இல்லை.

அவர்களின் பெயர்கள்? இந்தக் கதையைச் சொல்லும் எந்தப் பக்கத்திலும் எனக்கு ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை. இதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. ரயில்வே கணக்குப் புத்தகங்களிலேயே சீனர்களின் கூலி பெரும்பாலும் கும்பலின் தலைவன் பெயரில்தான் எழுதப்பட்டது. கங்காணி என்றால் என்ன என்று தமிழில் வாசிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்படியே குடிக்கணக்கு எடுக்க வந்தவர் பெயரை எழுதினாலும், ‘ஆ’ என்று தொடங்கி ஏதோ ஓர் அசையோடு முடித்துவிடுவார். கான்டனீஸில் ‘ஆ’ என்பது பெயரே அல்ல, கூப்பிடும்போது முன்னால் சேர்க்கிற ஒட்டு. நம் ஊரில் ஒருவரைக் கணக்கெடுத்து ‘ஏலே’ என்று பதிவு செய்வதைப் போல.

1880இல் இந்த மலைக்கு ஒரு பெரிய விருந்தாளி வந்தார். ‘புதையல் தீவு’ எழுதப் போகிற ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். அப்போது அவர் காசநோயும் கடனுமாக அலைந்த இளம் எழுத்தாளர். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஃபேனியை மணந்துகொண்டு, தேனிலவுக்குக் காசில்லாமல், கலிஸ்டோகாவுக்கு மேலே கைவிடப்பட்ட ஒரு வெள்ளிச் சுரங்கத்துக் கொட்டகையில் குடியிருந்தார். அந்த நாட்களைப் பற்றி எழுதிய ‘தி சில்வராடோ ஸ்குவாட்டர்ஸ்’ நூலில் ஷ்ராமைப் பார்க்கப் போனதும் வருகிறது. ஃபேனி வராந்தாவில் திருமதி ஷ்ராமோடு பேசிக்கொண்டிருக்க, இவர் குகைக்குள் இறங்கி இருந்த அத்தனை வகையையும் சுவைத்துப் பார்க்கிறார். ஒவ்வொரு வாய்க்கும் ஷ்ராம் இவர் முகத்தையே கவலையோடு கவனிக்கிறாராம். முடிதிருத்துபவராக இருந்து பணக்காரரான பிறகும் போகாத அந்தப் பதற்றத்தைப் பிடித்து எழுதியிருக்கிறார் பாருங்கள், சும்மா சொல்லக் கூடாது, எழுத்தாளன் எழுத்தாளன்தான்.

குகையையும் விடவில்லை. தூண்கள் தாங்கும் அந்த இடம் கொள்ளைக்காரர்களின் குகை மாதிரி இருந்ததாம். வராந்தாவில் இருந்த பாடம் செய்த பறவைகள்கூட அவர் கண்ணில் பட்டிருக்கின்றன. குகையை யார் குடைந்தார்கள் என்பது மட்டும் அந்தப் பக்கத்தில் இல்லை. அவர்மேல் குறையாக இதைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் சீனர்கள் நடத்தப்பட்ட விதத்தை வெறுத்து எழுதிய சில வெள்ளையர்களில் அவரும் ஒருவர். அது அவருடைய ரயில் பயண எழுத்துகளில் இருக்கிறது. அப்படிப்பட்டவருக்கும் இந்தக் குகையில் அவர்கள் தெரியவில்லை.

அவர் வந்துபோன இரண்டே ஆண்டுகளில், 1882 மே மாதம், சீனர் விலக்குச் சட்டம் வந்தது. சீனக் கூலிகள் பத்தாண்டுகளுக்கு அமெரிக்காவுக்குள் வரக் கூடாது, ஏற்கெனவே இருப்பவர்கள் குடியுரிமை பெறவும் முடியாது. ஒரு குறிப்பிட்ட நாட்டு மக்களைப் பெயர் சொல்லி அமெரிக்கா அடைத்தது அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1888இல் இன்னொரு சட்டம். ஊருக்குப் போய்த் திரும்பி வரலாம் என்று அரசே சான்றிதழ் கொடுத்து அனுப்பியிருந்தது, அந்தச் சான்றிதழ்கள் ஒரே நாளில் செல்லாமல் போயின. அப்படி வெளியே மாட்டிக்கொண்டவர்கள் சுமார் 20,000 பேர். மனைவி மக்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனவர்கள். 1892இல் சட்டம் நீட்டிக்கப்பட்டது, அடையாளச் சீட்டு இல்லாமல் நடமாடும் சீனரைக் கைது செய்யலாம் என்றும் ஆனது. 1902இல் காலவரையறையே இல்லாமல் போனது.

நாபாவில் இது எப்படி நடந்தது என்பது கொஞ்சம் சிக்கலானது. செயின்ட் ஹெலீனாவில் 1880களின் நடுவில் சீனரை ஊரைவிட்டு அனுப்பக் கூட்டம் கூடினார்கள். ஒயின் தோட்டக்காரர்கள் பலர் அதில் சேரவில்லை. மனிதாபிமானம் என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். அறுவடைக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். பின்னர் இத்தாலியர்கள் வரத் தொடங்கியதும் அந்தத் தேவையும் குறைந்தது. நாபா நகரத்தில் ஆற்றோரம் இருந்த சீனர் குடியிருப்பு தேய்ந்து தேய்ந்து, 1930 வாக்கில் படகுத்துறை கட்டுவதற்காக இடிக்கப்பட்டது.

மலையின் கதையும் அதற்குள் இறங்குமுகம். ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பேன் நாபாவின் கொடிகளைத் தின்றது. 1905இல் ஷ்ராம் இறந்தார். மகன் ஹெர்மன் சில ஆண்டுகள் நடத்திவிட்டு 1912இல் விற்றார். 1920இல் மதுவிலக்கு வந்தது, பதின்மூன்று ஆண்டுகள் நீடித்தது. பிறகு சிலர் வாங்கினார்கள், விற்றார்கள். குமிழி ஒயின் செய்யும் முயற்சியும் இந்த இடைக்காலத்தில் நடந்து நின்றுபோனது. ஷ்ராம் காலத்தில் அங்கே செய்தது எல்லாம் குமிழி இல்லாத ஒயின் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பாட்டில் சீட்டில் 1862 என்று பார்த்துவிட்டு அப்போதிருந்தே ஷாம்பெயின் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

1965இல் ஜாக் டேவிஸ், ஜேமி டேவிஸ் என்ற தம்பதி இந்த இடத்தை வாங்கினார்கள். ஜாக் ஹார்வர்டில் வணிக மேலாண்மை படித்து லாஸ் ஏஞ்சலிஸில் நிர்வாகியாக இருந்தவர். நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு, சின்னப் பிள்ளைகளோடு, வௌவால் குடியிருந்த குகைகளையும் பாழடைந்த தோட்டத்தையும் வாங்குவதைப் பார்த்து உறவும் நட்பும் என்ன சொல்லியிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. நாபா அன்று இன்றைய நாபா இல்லை. கொடிமுந்திரித் தோட்டமும் வாதுமைத் தோட்டமும்தான் அதிகம், ஒயின் ஆலைகள் ஏதோ இரண்டு டஜன். ராபர்ட் மொண்டாவியே தன் ஆலையை அடுத்த ஆண்டுதான் தொடங்கினார். அதே 1965இல்தான் அமெரிக்கா நாட்டுவாரி ஒதுக்கீட்டைக் கைவிட்டுப் புதிய குடியேற்றச் சட்டத்தைக் கொண்டுவந்தது. விலக்குச் சட்டம் 1943இல் நீக்கப்பட்டிருந்தாலும், அதற்குப் பிறகு சீனர்களுக்கென ஒதுக்கிய எண்ணிக்கை ஆண்டுக்கு 105 பேர்.

டேவிஸ் தம்பதி எடுத்த முடிவு விசித்திரமானது. சாதாரண ஒயின் வேண்டாம், பிரான்சின் ஷாம்பெயின் முறையில் குமிழி ஒயின் மட்டும் செய்வோம். அதுவும் முழுக்க ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சையிலிருந்து. பிரெஞ்சில் இதை ‘பிளான் த பிளான்’ என்பார்கள், வெள்ளையிலிருந்து வெள்ளை. கலிஃபோர்னியாவில் அன்று ஷார்டனே கிடைப்பதே அரிது. அங்கே மலிவான ‘ஷாம்பெயின்’கள் பெரிய தொட்டிகளில் நுரைக்கவைக்கப்பட்டன.

இந்த முறையில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். முதலில் சாதாரணமாக ஒயின் செய்ய வேண்டும். அதை பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடி, குகையில் படுக்கவைக்க வேண்டும. உள்ளே மறுபடி புளிக்கும். இட்லி மாவு புளித்துப் பொங்கும்போது வருகிற அதே வாயுதான், ஆனால் இங்கே அது வெளியே போக வழியில்லை, ஒயினுக்குள்ளேயே கரைகிறது. பாட்டிலுக்குள் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஏறும். வெப்பம் கூடினால் பாட்டில் வெடிக்கும். குளிர்ந்த குகை ஏன் வேண்டும் என்பது இப்போது புரியும். வேலை முடிந்த ஈஸ்ட் செத்து அடியில் மண்டியாகப் படியும். அந்த மண்டியோடேயே வருடக்கணக்கில் கிடந்தால்தான் வறுத்த ரொட்டி மாதிரியான மணம் வரும். அதன்பின் பாட்டில்களைத் தலைகீழாகச் சாய்த்துவைத்து, நாள்தோறும் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மண்டியைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, கழுத்தை உறையவைத்து, மூடியைத் திறந்து அதை வெளியே துப்பவிட வேண்டும். பிறகு தக்கை. கை பழகிய ஆள் ஒரு நாளில் பல்லாயிரம் பாட்டில்களைத் திருப்புவார். வருஷம் முழுக்கக் குகையில் நின்று இதுதான் வேலை.

ஆக டேவிஸ் தம்பதிக்கு நிலத்தைவிட முக்கியமான சொத்து அந்தக் குகைகள். இயந்திரம் வைத்துப் புதிய சுரங்கங்கள் தோண்டியதெல்லாம் 1980களில். 1969 அறுவடை 1972 தொடக்கம்வரை கிடந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குகையில்தான்.

வெள்ளை மாளிகையிலிருந்து ஆர்டர் வந்தபோது எதற்கு என்று சொல்லவில்லை என்பது குடும்பத்தார் சொல்லும் கதை. பெட்டிகளை அனுப்பிவைத்தார்கள், தங்கள் ஒயின் பெய்ஜிங் போனது செய்தி பார்த்துத்தான் தெரிந்ததாம்.

இனி அந்த விருந்து. முதல் நாள், பிப்ரவரி 21, சூ என்லாய் கொடுத்த வரவேற்பு விருந்தில் மாவோதாய் என்ற சீனச் சாராயம். ஜனவரியில் முன்னேற்பாட்டுக்குப் போயிருந்த அலெக்சாண்டர் ஹெய்க் அதைக் குடித்துப் பார்த்துவிட்டு, அதிபர் எந்தக் காரணம் கொண்டும் அதை உண்மையில் குடித்துவிடக் கூடாது என்று தந்தி அடித்திருந்தார். நிக்சன் கேட்கவில்லை. 25ஆம் தேதி பதில் விருந்து, அமெரிக்கர்கள் கொடுப்பது. அன்றுதான் ஷ்ராம்ஸ்பெர்க்.

அந்த இரவு நிக்சன் பேசியது அச்சில் கிடைக்கிறது. படித்துக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். அதற்கு முந்தைய நாள் அவரைப் பெருஞ்சுவருக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அதன்மேல் நடந்தபோது அதைக் கட்டுவதற்குச் செய்யப்பட்ட தியாகங்களை நினைத்துப் பார்த்ததாகச் சொல்கிறார். நம் இரு நாடுகளுக்கும் இடையே உள்ள சுவரை அகற்றும் நீண்ட வேலையைத் தொடங்கியிருக்கிறோம் என்றும் சொல்கிறார். நல்ல பேச்சு. பல நூற்றாண்டுகளுக்கு முன் சுவர் கட்டியவர்களை நினைத்துக்கொண்டு, கோப்பையை உயர்த்துகிறார். கோப்பையில் இருந்தது, நூறாண்டுகளுக்கு முன் அதே நாட்டவர்கள் அவருடைய சொந்த மாநிலத்தில் குடைந்த குகையிலிருந்து வந்தது. அவருக்கும் தெரிந்திருக்காது, சூ என்லாய்க்கும் தெரிந்திருக்காது. பேச்சில் அது இல்லை. விலக்குச் சட்டம் வந்து ஏறக்குறையத் தொண்ணூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதை நான் ஒரு குற்றச்சாட்டாக எழுதத் தொடங்கினேன், எழுத எழுத அப்படி நிற்கவில்லை. டேவிஸ் குடும்பம் அந்த வரலாற்றை மறைக்கவில்லை. சீனர்கள் குடைந்தார்கள் என்பதை அவர்களே சொல்லித்தான் உலகத்துக்குத் தெரியும். ஜாக் டேவிஸ் செய்த இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். 1968இல் நாபாவின் விவசாய நிலத்தை வீட்டுமனைகளாக வெட்டி விற்கக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் கொண்டுவந்த பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்னின்று போராடியவர்களில் அவர் ஒருவர். அமெரிக்காவில் இந்த வகையில் அதுவே முதல். அது இல்லாவிட்டால் பள்ளத்தாக்கின் பாதி இன்று கான்கிரீட்.

எனக்குக் குறையாகப் படுவது அளவுதான். அந்த விருந்தைப் பற்றி எழுதும்போது பாட்டிலுக்கு ஒரு பத்தி, விருந்துக்கு ஒரு பக்கம், குகை குடைந்தவர்களுக்கு அரை வரி. ‘சீனத் தொழிலாளர்களால் குடையப்பட்ட’ என்ற அந்த அரை வரி, ஓக் மரப்பீப்பாய் என்று சொல்வதுபோல, பழமைக்கு ஓர் அலங்காரமாக நின்றுவிடுகிறது. அந்த வரிக்கு அடுத்த வரியில் 1882 வருவதில்லை. 1888 வரவே வராது.

ஜாக் 1998இலும் ஜேமி 2008இலும் இறந்தார்கள். அவர்கள் இந்த மலையை வாங்கிய ஆண்டில் பிறந்த மகன் ஹ்யூ டேவிஸ் பின்னர் ஆலையை நடத்தினார். ஒரு வேடிக்கை, 1990களில் வேர்ப்பேன் மறுபடி தாக்கியபோது, சரிவில் கொடிகளைப் பிடுங்கிவிட்டு கேபர்நே சாவினியோன் என்ற சிவப்புத் திராட்சையை நட்டார்கள். குமிழி ஒயினுக்குப் புளிப்புக் குறையாத திராட்சை வேண்டும், அதற்கு டைமண்ட் மவுண்டன் வெயில் அதிகம். இப்போது குமிழி ஒயினுக்கான பழம் கடற்காற்று வீசும் கார்னெரோஸ், ஆண்டர்சன் பள்ளத்தாக்கு போன்ற குளிர்ந்த இடங்களிலிருந்து லாரியில் வருகிறது. ஷ்ராம் காலத்துக் கொடி எதுவும் மிச்சமில்லை. அன்றைய ஒயினும் தீர்ந்துவிட்டது. ஷ்ராம் கட்டிய வீடு நிற்கிறது, அதன் வராந்தாவும் இருக்கிறது. குகைகளில் இன்று இருபது லட்சத்துக்கும் மேல் பாட்டில்கள் அடுக்கிக் கிடக்கின்றன. பழைய பகுதியில் அவை சாய்ந்திருப்பது அந்தக் கொத்து விழுந்த சுவர்களின்மேல்தான்.